புது ஒட்டும் பழைய போர்வையும்

கையால் தைத்த போர்வையில் ஒரு துண்டு நைந்து போனால் என்ன செய்ய வேண்டும்? இக்கேள்வியை ஒரு திங்களிதழில் எழுப்புவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ‘கந்தல் துணிக்கு ஒரு கட்டுரையா?’ என்று கேட்கும் அன்பர்களுக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறோம். ஆம், கந்தல் துணிக்குத்தான் இக்கட்டுரை. அதைத் தைத்த கைகளைப் பற்றியும், திருத்துகிறோம் என்று சொல்லி அதைச் சிதைக்கும் கைகளைப் பற்றியும் இங்குப் பேச விரும்புகிறோம். சிதைத்த கைகளுள் நம் கையும் ஒன்று என்பதால், பேசுவதற்கு நமக்கு உரிமை உண்டோ இல்லையோ, கடமை உண்டு.

நம் வாதத்தை ஒளிவுமறைவின்றி வைத்துவிடுகிறோம். நைந்த துண்டை வெட்டி எறியக்கூடாது. அதன் இடத்தில் அதைவிட வலிய புதுத்துணியை வைக்கக்கூடாது. பழகிய பழந்துணி ஒன்றை எடுத்து, நைந்த துண்டை உள்ளேயே விட்டு, அதன்மேல் கையால் ஒட்டுப் போட வேண்டும். இதற்கு மாறான கருத்துகள் மூன்றும் இன்று நம் வீடுகளில் செல்வாக்குப் பெற்றுள்ளன. தூக்கி எறி என்கிறது ஒன்று. புதிதாக மாற்று என்கிறது மற்றொன்று. தொடாமல் பூட்டி வை என்கிறது மூன்றாவது. மூன்றையும் நாம் மறுக்கிறோம்.

ஒரு போர்வையின் கதை

நம் தாயார் தைத்த போர்வை ஒன்று நம்மிடம் உண்டு. தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், மார்கழி வந்தால் பற்கள் தந்தியடிக்கும் மேட்டுநிலத்துச் சிற்றூர் நம்முடையது. கம்பளி வாங்க வசதியில்லாத வீடு. தாயார் தம் பழஞ்சேலைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேற்புறத்தில் வீட்டாருடைய பழந்துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்துத் தைத்தார். தந்தையாரின் வேட்டித்துண்டு ஒன்று. அண்ணன்மாரின் பள்ளிச்சட்டைத் துண்டுகள். பாட்டனாரின் தலைப்பாகைத் துண்டு ஒன்று. வலப்புற மூலையிலிருந்து மூன்றாம் வரிசையில், சிவப்புப் பூப்போட்ட சீட்டித்துணித் துண்டு ஒன்று இருந்தது. அது நம் தங்கையின் பாவாடை. நான்கு வயதில் காய்ச்சலில் இறந்துபோன குழந்தை. அவளுக்குப் புகைப்படம் கிடையாது. அவள் இவ்வுலகில் இருந்தாள் என்பதற்கு எஞ்சியவை இரண்டு: பங்கின் இறப்புப் பதிவேட்டில் ஒரு வரி, போர்வையில் ஒரு துண்டு.

தாயார் இறந்தபின் போர்வை நம்மிடம் வந்தது. மாற்றலாகிச் சென்ற பங்குகளுக்கெல்லாம் அதுவும் நம்மோடு வந்தது. சிவப்புப் பூத்துண்டு மற்றவற்றுக்கு முன்னதாக நைந்தது. அதற்குக் காரணம் நாமே. சிறுவயது முதல் இருட்டிலும் நம் விரல்கள் அத்துண்டைத் தேடிக் கண்டுபிடித்துத் தடவிக் கொண்டிருந்தன. அன்பும் துணியைத் தேய்க்கும் என்பதை அப்போது நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

பங்கில் தையல் கற்றுக்கொடுத்த அன்பர் ஒருவர் கிழிசலைப் பார்த்தார். “குடுங்க பாதர், நான் சரி பண்ணித் தர்றேன்” என்றார். “அழகாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள்” என்றோம். ‘மாற்றி’ என்ற அந்த ஒரு சொல்லே நாம் செய்த பிழை. இரண்டே நாளில் போர்வை வந்தது. நைந்த சதுரம் நேர்த்தியாக வெட்டியெடுக்கப்பட்டிருந்தது. அங்கே பளபளக்கும் புத்தம்புதிய பாலியஸ்டர் துணி, தையல் இயந்திரத்தில் நெருக்கமாக அடித்த இரட்டைத் தையலோடு அமர்ந்திருந்தது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாமும் பாராட்டினோம்.

மழைக்காலம் முடிந்து போர்வையை நனைத்துக் கொடியில் போட்டபோது, புதுத் துண்டைச் சுற்றியிருந்த நான்கு துண்டுகளும் தையல் ஓரமாகவே கிழிந்தன. தந்தையாரின் வேட்டித்துண்டும் அவற்றுள் ஒன்று. பாலியஸ்டர் மட்டும் ஒரு நூலும் பிரியாமல் பளபளத்துக்கொண்டிருந்தது. ஓடிச்சென்று, வெட்டியெடுத்த பழைய துண்டு எங்கே என்று கேட்டோம். “அதுவா பாதர்? நூலு நூலா உதிர்ந்துச்சு, குப்பையில போட்டுட்டேன்” என்றார் அவர். அவர்மேல் நமக்குக் கோபமில்லை. அத்துண்டு யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் நாம், நாம் சொல்லவில்லை.

கிழிந்ததன் காரணம்

இந்நிகழ்ச்சிக்குப் பிறகே துணியைப் பற்றிச் சற்றுப் படித்தோம், அறிந்தவர்களிடம் கேட்டோம். பருத்தித்துணி பலமுறை நனைந்து உலர்ந்து, சுருங்க வேண்டிய அளவு சுருங்கி, இழை தளர்ந்து மென்மையாகிறது. புதிய பருத்தித்துணியோ முதல் சலவையில்தான் சுருங்கும். சுருங்கும்போது பக்கத்துத் துணியையும் இழுக்கும். பாலியஸ்டரின் குற்றம் வேறு. அது சுருங்காது, நீரையும் உறிஞ்சாது. சுற்றிலும் பருத்தி நீரைக் குடித்துக் கனத்துத் தொங்க, அது மட்டும் விறைப்பாக நிற்கும். தளர்ந்த இழைக்கும் தளராத இழைக்கும் இடையே இழுபறி நேரும்போது எது அறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நெருக்கமான இயந்திரத்தையலும் சேர்ந்து கெடுத்தது. நைந்த துணியில் ஊசி நெருங்க நெருங்கக் குத்தினால், தபால்தலைத் தாளில் துளையிட்டது போலாகிறது. பிறகு கிழிப்பதற்குத் தனியே முயற்சி வேண்டியதில்லை. பழந்துணிகளைப் பேணுவோர் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு: தைக்கும் நூல், தைக்கப்படும் துணியைவிட வலியதாக இருக்கக்கூடாது. பாரம் வந்தால் அறுவது நூலாக இருக்கட்டும். அறுந்த நூலை மீண்டும் கோக்கலாம். கிழிந்த துணியை மீண்டும் நெய்ய முடியாது. பிறரைத் திருத்தப் புறப்படும் நம் போன்றோர் அனைவரும் இவ்விதியை மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நைவுக்கு வேறு காரணங்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பெண்கள் தைத்த ஒட்டுப்போர்வைகளில், மற்ற நிறங்கள் நன்றாக இருக்க, பழுப்பும் கருப்புமான துண்டுகள் மட்டும் பொடியாய் உதிர்ந்திருப்பதைக் காணலாம். அச்சாயங்களில் கலந்த இரும்பு, காலப்போக்கில் இழையை அரித்துவிட்டது. நம் நாட்டுக் கலம்காரித் துணிகளிலும் இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து உண்டாக்கிய கருங்கோடுகள் சில பழந்துணிகளில் முந்திச் சிதைவது இதனாலேயே. அதே நூற்றாண்டின் இறுதியில் வந்த பட்டுத்துண்டுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பசை நீக்கிய பட்டு எடை குறையும். பட்டு எடைக்கு விற்கப்பட்டது. எனவே வணிகர்கள் வெள்ளீய உப்புகளை ஏற்றி எடையைக் கூட்டினார்கள். அந்தப் பட்டு சில பத்தாண்டுகளில் மடிப்பு மடிப்பாக வெடித்தது. தைத்தவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. கனத்த பட்டென்று நம்பி வாங்கியதே அவள் குற்றம். ஆகவே நைந்த துண்டைக் கண்டதும் ‘மட்டமான வேலை’ என்று தீர்ப்புச் சொல்லும் நாவை நாம் அடக்கிக்கொள்ள வேண்டும். கை தேய்த்ததா, சாயம் அரித்ததா, வணிகன் ஏமாற்றினானா, எலி கடித்ததா என்று பார்த்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும்.

தவறாகப் படிக்கப்பட்ட உவமை

பழைய ஆடையில் புதிய ஒட்டுப் போடுவதைப் பற்றி நற்செய்தியில் ஓர் உவமை உண்டு என்பதை வாசகர்கள் இதற்குள் நினைத்திருப்பார்கள். மாற்கு 2:21, மத்தேயு 9:16, லூக்கா 5:36 ஆகிய மூன்று இடங்களில் அது வருகிறது. இவ்வுவமையை வைத்து நாம் கேட்ட மறையுரைகளும், வெட்கத்தோடு சொல்கிறோம், நாமே ஆற்றிய மறையுரைகளும் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்தன: பழையது பயனற்றது, அதை எறிந்துவிட்டுப் புதியதை உடுத்திக்கொள். போர்வை கிழிந்த பிறகு அப்பகுதியைத் திரும்பப் படித்தோம். அங்கே எறியச் சொல்லும் சொல் எங்கும் இல்லை.

மாற்கும் மத்தேயுவும் ஒட்டுத்துணிக்கு ‘அக்னபோஸ்’ என்ற கிரேக்க அடைமொழியைத் தருகிறார்கள். துணியை நீரிலிட்டு மிதித்துச் சுருக்கிப் பதப்படுத்துபவரின் கைக்கு இன்னும் போகாத துணி என்பது அதன் பொருள். ஒட்டுத்துணி பதப்படவில்லை என்பதே அங்குச் சொல்லப்படும் குறை. அது இழுக்கும், கிழிசல் முன்னதைவிட மோசமாகும் என்பது எச்சரிக்கை. கிழிசல் பெரிதாவதைக் கேடு என்று சொல்ல வேண்டுமானால், பழைய ஆடை காக்கத்தக்கது என்று முதலில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? எறியப்போகும் ஆடையின் கிழிசல் பெரிதானால் யாருக்கு நட்டம்? லூக்கா இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஒட்டுக்காகப் புதிய ஆடையைக் கிழிப்பவன் புதியதையும் கெடுக்கிறான். அந்த ஒட்டு பழையதோடும் பொருந்துவதில்லை என்கிறார். கிழிந்த துணியை அன்றாடம் கையாளும் எளிய வீட்டின் அறிவு இதில் பேசுகிறது.

உவமை மனமாற்றத்தைப் பற்றியது என்பதை நாம் மறுக்கவில்லை. புதுமை வந்தே தீரும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் உவமையின் துணியைப் புரிந்துகொள்ளாதவர் அதன் பொருளையும் அரைகுறையாகவே புரிந்துகொள்வார். மாற்கு 1:19-இல் படகில் அமர்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தவர்களுக்கு ஆளப்படும் அதே வினைச்சொல்லைத்தான், தவறிய சகோதரரைத் திருத்துவதற்குப் பவுல் கலாத்தியர் 6:1-இல் ஆள்கிறார். கிழிந்த வலையை எந்த மீனவரும் கடலில் எறிவதில்லை.

மூன்று மறுப்புகள்

‘புதிய போர்வை கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, இதற்கு ஏன் இத்தனை பாடு?’ என்பது முதல் மறுப்பு. மலிவு என்ற சொல்லை இவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 2013 ஏப்ரல் 24-ஆம் நாள் வங்காளதேசத்தில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்து, ஆடை தைத்துக்கொண்டிருந்த தொழிலாளர் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்திய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. ஆயினும் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். பழஞ்சேலைகளை அடுக்கிச் சிறுதையலால் ‘காந்தா’ போர்வை தைத்த பாட்டிமாரின் மண் அது. கடையில் மலிவாகக் கிடைக்கும் துணியின் விலையை யாரோ ஒருவர் எங்கோ கொடுத்துவிட்டார் என்பதே உண்மை. நைந்த துண்டுக்கு ஒட்டுப் போட ஒரு பிற்பகல் செலவாகும். அந்த ஒரு பிற்பகலும் இல்லை என்று சொல்லும் நாம், தொலைக்காட்சித் தொடருக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் வைத்திருக்கிறோம்.

‘ஒட்டுப் போட்டது ஏழ்மையைக் காட்டுகிறதே, பார்ப்பவர் என்ன நினைப்பார்கள்?’ என்பது இரண்டாவது மறுப்பு. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன மக்கள் நாம். கந்தை என்பதில் நம் முன்னோருக்கு வெட்கமில்லை. அழுக்கில்தான் வெட்கம் இருந்தது. இன்று முழங்காலில் கிழித்தே விற்கும் காற்சட்டைக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். இயந்திரம் கிழித்த கிழிசல் நாகரிகமாம். தாய் போட்ட ஒட்டு அவமானமாம். இந்தத் தலைகீழ்க் கணக்கை யார் நமக்குக் கற்பித்தது?

மூன்றாவது மறுப்பைச் சொல்பவர்கள் கலையுணர்வு உடையவர்கள். அவர்களுக்கு மரியாதையோடு விடை சொல்ல வேண்டும். ‘இத்தகைய பொருளைத் தொடாதீர்கள், ஊசி படாமல் கண்ணாடிக்குள் வையுங்கள்’ என்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட போர்வைக்கு இது சரி. உதிரும் துண்டின்மேல் மெல்லிய வலைத்துணியைப் போர்த்தி, பின்னாளில் பிரிக்கக்கூடிய தையலால் நிறுத்தி வைப்பது அங்கே தகும். பழைய துண்டை நீக்காதே என்று அவர்கள் வற்புறுத்துவதற்கு நாம் நன்றி சொல்கிறோம். ஆனால் வீட்டுப் போர்வை குளிருக்குப் பிறந்தது. அதைப் பூட்டி வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அது யாருடையது என்பது தெரியாமல் போகும். பேரப்பிள்ளை அதன் கீழ் படுத்து, ‘இது யார் சட்டை?’ என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு அது படுக்கையில் இருக்க வேண்டும்.

ஒட்டறிந்த மக்கள்

போர்வை தைப்பது ஒரு நாட்டுக்கோ ஒரு மொழிக்கோ உரியதன்று. வங்கத்தின் காந்தாவைச் சொன்னோம். பீகாரில் ‘சுஜனி’, சிந்து, இராசத்தானப் பாலைநிலங்களில் ‘ரல்லி’, கன்னட நாட்டில் ‘கௌதி’, தெலுங்கரிடையே ‘பொந்த’. இவை யாவும் உடுத்துத் தேய்ந்த துணியால் ஆனவை. பழைய போர்வை முற்றும் நைந்தால், அதையே உள்ளே வைத்து மேலே புதிய அடுக்குத் தைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. ஒரு போர்வைக்குள் இன்னொரு தலைமுறையின் போர்வை உறங்கும்.

கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹலியாள், முண்டகோடு வட்டாரக் காடுகளில் சித்திகள் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள்; போர்ச்சுக்கீசியரின் கோவாவிலிருந்து தப்பி மலைக்காடுகளில் குடியேறியவர்கள் இவர்களுள் பலரின் முன்னோர். இந்துக்கள், இசுலாமியர், கத்தோலிக்கர் என மூன்று சமயத்தாரும் இவர்களுள் உண்டு. 2003-இல்தான் அரசின் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பட்டார்கள். இவர்களின் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர். பழஞ்சேலையை விரித்து, ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக மடித்து வைத்து, நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணியடுக்கு ஒன்றை ‘பூலா’, அதாவது பூ என்று சொல்லி வைப்பார்கள். அப்பூ இல்லாமல் போர்வை முடிந்ததாக அவர்கள் கொள்வதில்லை. கத்தோலிக்கப் பெண்களின் கவந்திகளில் சிலுவை வடிவத் துண்டுகளைக் காணலாம். உலகம் எறிந்துவிட்ட மக்கள், எறியத்தக்கது என்று நாம் எண்ணும் துணியில் பூ வைக்கிறார்கள். துணி பஞ்சமில்லாத நம் வீடுகளிலோ கிழிசலை மூடவும் ஆளில்லை.

இன்னொரு போர்வை கடல்கடந்தது. எய்ட்சு நோயால் இறந்தோரின் நினைவாக அமெரிக்காவில் தைக்கப்பட்டது. அந்நோயாளிகளைத் தொடவும் அடக்கம் செய்யவும் பலர் அஞ்சிய காலம் அது. 1987 அக்டோபர் 11-ஆம் நாள் வாசிங்டன் நகரில் முதன்முதல் விரிக்கப்பட்டபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடி அகலம், 6 அடி நீளம். ஒரு கல்லறையின் அளவு. இன்று ஏறத்தாழ 50,000 துண்டுகளும் 1,10,000-க்கும் மேற்பட்ட பெயர்களும் கொண்டு, 54 டன் எடையோடு நிற்கிறது. விரித்தும் மடித்தும் வண்டியில் ஏற்றியும் இறக்கியும் துண்டுகள் கிழிகின்றன. ஓயாமல் அவற்றைச் செப்பனிடவே தையலறை ஒன்று இருக்கிறது. இறந்த மகனின் சட்டையை வைத்து ஒரு தாய் தைத்த துண்டு நைந்தால், அதை வெட்டியெடுத்துவிட்டுப் பளபளக்கும் துணியை வைப்போம் என்று அந்த அறையில் யாராவது சொல்வார்களா? நம் வீட்டில் மட்டும் நாம் எப்படிச் சொன்னோம்?

ஒட்டுப் போட்ட விதம்

வாதம் போதும், வேலையைச் சொல்கிறோம். கிழிந்த போர்வையை நம் பங்கின் முதிய பாட்டி ஒருவரிடம் கொண்டுபோனோம். அவருடைய கண் மங்கிவிட்டது. கை மட்டும் நினைவை விடவில்லை. “நான் தைக்க மாட்டேன் சாமி. உங்க அம்மா போர்வை. நீங்க தைங்க, நான் சொல்றேன்” என்றார். ஐம்பதைக் கடந்த வயதில் ஊசியில் நூல் கோக்கக் கற்றோம். பெண்களின் கைவேலையை மேடையில் புகழ்வது எளிது, அதை ஒரு மணி நேரம் செய்து பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்று நம் விரல்நுனி அறிந்தது.

முதலில் பாலியஸ்டர் துண்டின் தையலை ஒவ்வொன்றாகக் கத்தரித்து நீக்கினோம். இழுத்துப் பிரிக்கக் கூடாது என்றார் பாட்டி. கிழிந்த நான்கு துண்டுகளில் எதையும் வெட்டவில்லை. உதிர்ந்த இழைகளை விரலால் படுக்கவைத்து, கிழிசலைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக, பலமுறை துவைத்த பழைய பருத்தித்துணியை வெட்டினோம். அந்தத் துணியின் இழையோட்டமும் போர்வையின் இழையோட்டமும் ஒரே திசையில் இருக்கும்படி பார்த்து வைத்தோம். ஓரங்களைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, நீண்ட தையலாகத் தற்காலிகமாக நிறுத்தி, பிறகு சுற்றிலும் சிறுதையல் போட்டோம். பருத்தி நூல் ஒன்றைப் பிரி. இறுதியாக, தாயார் போட்டிருந்த பழைய தையல் வரிகளைத் தொடர்ந்து எல்லா அடுக்குகளையும் ஊடுருவி ஓட்டுத் தையல் ஓட்டினோம். “கைய தளத்தித் தைங்க சாமி. இறுக்கினீங்கன்னா அது தாங்காது. பழசுக்குப் பழசுதான் ஒட்டும்” என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தார். நனைத்த போர்வையைக் கொடியில் தொங்கவிடாமல் நிழலில் பாயில் விரித்து உலர்த்த வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. ஈரத்தின் கனம் முழுவதும் தையலில் தொங்கினால் எந்த ஒட்டும் நில்லாது.

தங்கையின் சதுரத்தில் என்ன வைப்பது? அங்கே வெறும் துளை இருந்தது. சிவப்புப் பூப்போட்ட சீட்டித்துணி கடையில் கிடைக்கும். கண்ணுக்கு ஒத்துப்போகவும் செய்யும். ஆனால் அது அவளுடையதாகாது. இழந்ததை இழக்காததுபோல் காட்டும் ஒட்டைப் போட நமக்கு மனம் வரவில்லை. நாம் குருவான புதிதில் அணிந்து, கழுத்து கிழிந்து, பெட்டியில் கிடந்த பழைய வெள்ளை அங்கியிலிருந்து ஒரு சதுரம் வெட்டி அங்கே தைத்தோம். அதில் பூவும் இல்லை, அழகும் இல்லை. தையல் கோணலாகவே இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு குழந்தையின் பாவாடை இருந்தது என்பதையும், அதை அண்ணன் ஒருவன் காக்கத் தவறினான் என்பதையும் அந்த வெள்ளைத்துண்டு மறைக்காமல் சொல்கிறது. அதன்பின் மூன்று மழைக்காலங்கள் கடந்துவிட்டன. அதைச் சுற்றி ஓர் இழையும் அறவில்லை.

அன்பார்ந்த வாசகரே, கிறிஸ்துமசுக்கு முன்பாக வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாள் வரும். பரணிலிருந்து பழந்துணி மூட்டை இறங்கும். அதற்குள் நைந்த போர்வை ஒன்று இருக்கலாம். அதை வாசலில் போடுவதற்கு முன்னும், திருத்தக் கொடுப்பதற்கு முன்னும், வீட்டில் மூத்தவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு துண்டாகத் தொட்டு, ‘இது யாருடையது?’ என்று கேளுங்கள். நாம் அக்கேள்வியைக் கேட்டிருக்க வேண்டிய நாளில், ‘மாற்றிக் கொடுங்கள்’ என்று சொன்னோம்.